இருபதாவது தாடை

முழங்கையால் தட்டிக் குழாயைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது இருபது. நகக்கண்ணுக்கு இத்தனை தடவை, விரலிடுக்குக்கு இத்தனை தடவை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை என்று தேய்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. மூன்று வருடமாகத் தேய்த்த கைக்கு அந்த வரிசை மனப்பாடம், மனசுக்கு அங்கே வேலையில்லை. வேலையில்லாத மனசு சும்மா கிடக்குமா, சற்றுமுன் டிராலியில் படுத்தபடி லிங்கண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "மிச்சம் இருக்கறதப் போட்டுருங்க டாக்டரம்மா." உடைந்த இடத்தின் இரண்டு பக்கப் பற்களையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்ததால் வாயை அதிகம் திறக்காமல்தான் சொன்னார், ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னார். எது வருதோ அதப் போடுங்க என்று சொல்லியிருந்தால் ஜெசிந்தா அங்கேயே மறந்திருப்பாள். அவள் ஆய்வுக்கு இதுவரை வந்த பத்தொன்பது பேரும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள், எதைப் போட்டாலும் சரி, சாப்பிட முடிந்தால் போதும் என்று. மிச்சம் என்று ஒருவரும் சொன்னதில்லை. மிச்சம் என்றால் என்ன, சாம்பாரா ரசமா, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர் கேட்கிற மாதிரி. சோப்பு நுரை முழங்கையில் இறங்கிச் சொட்டியது. பயத்தில் என்னவோ உளறியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பயந்த மனிதர் தன் அரைஞாண் கயிற்றிலிருந்து அலமாரிச் சாவியை அவிழ்த்து ஸ்டெல்லா சிஸ்டர் கையில் கொடுத்து, சீட்டு டப்பா ரெண்டாவது தட்டுல இருக்கு சிஸ்டர் என்று அவ்வளவு நிதானமாகச் சொல்வாரா என்று மனசு திருப்பிக் கேட்டது. அவள் வலது கையை முடித்து இடது கைக்குப் போனாள்.

லிங்கண்ணன் என்பது இங்கே எல்லாரும் கூப்பிடுகிற பெயர். பரமார்த்தலிங்கம், வயது ஐம்பத்திரண்டு, இந்த அரசு பல் மருத்துவக் கல்லூரியில் தாடை ஆபரேஷன் தியேட்டருக்கு இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். கருவிகளைக் கழுவுவது, வேகவைப்பது, அடுக்குவது, ஸ்க்ரூக்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, புதிதாக வந்த டாக்டர்கள் மயங்கி விழுந்தால் முதுகில் தட்டி வெளியே கூட்டிப்போய் உட்கார வைப்பது வரை அவர் வேலை. ஜெசிந்தாவும் முதல் வருடம் விழுந்தவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் மீன் வாங்கப் போனவர், குறுக்கே வந்த நாய்க்கு வழிவிட்டுத் தன் மோவாயை ஹேண்டில்பாருக்குக் கொடுத்துவிட்டார். இடது கோரைப்பல்லுக்குப் பின்னால் கீழ்த்தாடை ஒரே கோடாக விரிந்திருந்தது. ஒரே கோடு, ஐம்பத்தைந்துக்குள் வயது, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. ஜெசிந்தாவின் ஆய்வுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த எக்ஸ்ரேயில் இருந்தது, அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த நொடியில் அவள் மனசு துள்ளியது உண்மை. இருபது பேர் வேண்டிய ஆய்வு ஐந்து வாரமாகப் பத்தொன்பதில் நின்றுகொண்டிருந்தது, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். அதற்காக ஒரு மனுஷன் தாடை உடைந்ததில் சந்தோஷப்படுவாளா ஒருத்தி. பட்டாள். இப்போது தண்ணீரை விரல் நுனியிலிருந்து முழங்கைப் பக்கம் வழியவிடும்போதும் அது கூசியது. ஆஸ்பத்திரி ஆளை ஆய்வில் சேர்க்கலாமா என்று ஆய்வுக்கு வழிகாட்டுகிற கிருபாகரன் சாரிடம் கேட்டதற்கு, தாடை தாடைதாம்மா, அது யார் மூஞ்சில இருந்தா என்ன என்றார்.

ஆய்வு என்ன பெரிய ஆய்வு. உடைந்த தாடையை இழுத்துச் சேர்த்து, பல்லோடு பல் சரியாகக் கடிக்கிற நிலையில் கட்டி, எலும்பின் மேல் டைட்டானியம் பிளேட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும், அதற்கு இரண்டு வழி. ஒன்று பழைய வழி: நீளவாக்கில் இரண்டு பிளேட், பல்வேருக்குக் கீழே ஒன்று, தாடையின் கீழ் விளிம்பில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நாலு ஸ்க்ரூ. இன்னொன்று பெட்டி பிளேட்: அந்த இரண்டையும் குறுக்குச் சட்டம் போட்டு இணைத்த மாதிரி சதுரமாக ஒரே துண்டு, மொத்தமே நாலு ஸ்க்ரூ. எது மேல் என்று பார்க்க வேண்டும். வலி, வீக்கம், சீழ், கடி சரியாக இருக்கிறதா, எத்தனை கிலோ அழுத்தத்தில் கடிக்க முடிகிறது, எத்தனை நிமிஷத்தில் ஆபரேஷன் முடிந்தது என்று ஆறு கட்டம் போட்ட படிவம், அவளுக்கு முந்தின சீனியரிடமிருந்து வாங்கி அப்படியே எடுத்துக்கொண்டது. பத்தொன்பது பேரின் எண்களையும் புள்ளியியல்காரரிடம் கொடுத்தபோது ஐந்து கட்டங்களில் இரண்டு முறைக்கும் வித்தியாசமில்லை என்று வந்தது. ஆறாவது கட்டத்துக்கு மட்டும், வித்தியாசம் உண்மைதான் என்பதற்கு அடையாளமாக, அவர் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். இரண்டு பிளேட்டுக்கு சராசரி ஐம்பத்துநாலு நிமிஷம், பெட்டி பிளேட்டுக்கு நாற்பத்தொன்று. கிருபாகரன் சாருக்கு வாயெல்லாம் பல். பெட்டி பிளேட்டை இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான், கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார். அந்தப் பதிமூன்று நிமிஷம் அவருடைய பதிமூன்று நிமிஷம், அந்த நட்சத்திரம் ஜெசிந்தாவுடைய நட்சத்திரம். படுக்கப்போகும்போதுகூட அவள் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

யாருக்கு எதைப் போடுவது என்று டாக்டர் முடிவு செய்யக்கூடாது, அதிர்ஷ்டம் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வுக்கு அர்த்தமில்லை. அதனால் பத்துச் சீட்டில் 'இரண்டு', பத்துச் சீட்டில் 'பெட்டி' என்று தன் கையாலேயே எழுதி மடித்து, பல் அச்செடுக்கிற பவுடர் வந்த தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். நோயாளி மயங்கியபிறகு லிங்கண்ணன் டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து உரக்கப் படிப்பார். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, ஆய்வில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆள், அவரைவிட நடுநிலையானவர் யார் என்று முதல் நாள் எல்லாரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. இன்று எடுக்கிறவரே மேஜையில் கிடக்கிறார். கவுனைப் போட்டுக்கொண்டு உள்ளே போனபோது மூக்கு வழியாகக் குழாய் போட்டு அவரைத் தூங்க வைத்திருந்தார்கள். பச்சைத் துணிக்கு நடுவே முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. மீசையை மழித்திருந்தார்கள். மீசையில்லாத லிங்கண்ணனை அவள் பார்த்ததே இல்லை, யாரோ ஒரு சின்னப் பையனின் உதடு மாதிரி இருந்தது. கையுறை மாட்டுமுன் சீட்டை நீயே எடுத்துரும்மா, ஒண்ணுதான கெடக்கு என்று ஸ்டெல்லா சிஸ்டர் டப்பாவைச் சாய்த்தார். ஜெசிந்தா இரண்டு விரலால் அதை எடுத்தாள். எடுத்த விரல் அங்கேயே நின்றது. அவள் மடித்துப் போட்டது வழவழப்பான தாள், நோயாளிகளுக்குத் தேதி எழுதிக் கொடுக்கிற விறைப்பான அட்டைத் தாள். இது அப்படி இல்லை. பலதடவை துவைத்த கைக்குட்டை மாதிரி துவண்டிருந்தது, மடிப்பின் ஓரம் நைந்து நூல் நூலாக வந்திருந்தது. இரண்டு வருடம் டப்பாவில் சும்மா கிடந்த தாள் இப்படி நையாது. பிரித்துப் படித்து மடித்து, பிரித்துப் படித்து மடித்தால்தான் இப்படி ஆகும். அவள் விரித்தாள். பெட்டி என்று அவளுடைய கையெழுத்தில் இருந்தது.

பெட்டி என்று சொன்னாள், சிஸ்டர் பெட்டி என்று எழுதினார், எதிரே நின்ற ஜூனியர் டாக்டர் நவ்ஃபல் பெட்டி என்று தலையாட்டினான். சுலபமாகத்தான் முடிந்தது அந்தக் காரியம். தாளைத் தொட்ட கையை மறுபடி கழுவி, கவுன் மாற்றி, கையுறைக்குள் விரல்கள் போய்க்கொண்டிருக்க, அவள் எண்ணிப் பார்த்தாள். இதுவரை இரண்டு என்று பத்துச் சீட்டு, பெட்டி என்று ஒன்பது. இருபதில் கடைசி என்னவென்று சீட்டைப் பார்க்காமலே சொல்லலாம், ஒன்றாங்கிளாஸ் பிள்ளை சொல்லும், ஆறு மாதம் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்த ஜெசிந்தாவுக்குத்தான் தோன்றவில்லை. லிங்கண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் மிச்சம் என்றார். அது சரி, எண்ணத் தெரிந்த மனுஷன் எண்ணியிருக்கிறார், அவ்வளவுதானே. அவ்வளவுதான் என்றால் சீட்டு ஏன் நைந்தது. நைந்த சீட்டு என்றால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முந்தியும் அதைப் பிரித்துப் பார்த்து, இது வேண்டாம் என்று அடியில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். யார் போட்டிருப்பார்கள், டப்பா இருந்தது அவர் அலமாரியில், சாவி இருந்தது அவர் அரைஞாணில். கீறுவதற்கான கத்தியை வாங்கிக்கொண்டே அவள் பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலாவது கணக்கு டீச்சர், இரண்டு பிளேட். நாலாவது, கல்யாணம் நிச்சயமான பெண், இரண்டு. ஏழாவது, மீன் ஏலம் கூறுகிறவர், இரண்டு. பன்னிரண்டாவது, நர்சிங் மாணவி, இரண்டு. பதினைந்து, வார்டில் எல்லாருக்கும் ஜெபம் பண்ணிக் கொடுத்த உபதேசியார், இரண்டு. இந்தப் பக்கம்: ஐந்தாவது, குடித்துவிட்டு வந்து ஆயா மேல் துப்பியவன், பெட்டி. எட்டாவது, பஸ் நிலையத்திலிருந்து தூக்கி வந்த, கூட ஆளில்லாத மனிதர், பெட்டி. பதினொன்று, பெண்டாட்டியை அடிக்கப்போய் மைத்துனன் கையால் வாங்கியவன், பெட்டி. பதினேழு, காலில் விலங்கோடு இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் வந்த கைதி, பெட்டி. பத்தொன்பது, பால்குடிக் குழந்தையோடு வந்தவள். அன்றைக்கு டப்பாவில் இரண்டே சீட்டு. லிங்கண்ணன் ரொம்ப நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தது இப்போது ஞாபகம் வந்தது. பிறகு எடுத்துப் படித்தார், இரண்டு. அப்படியானால் அடுத்து யார் வந்தாலும் பெட்டி என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். ஐந்து வாரம் கழித்து அடுத்ததாக வந்தது அவரே. மாஸ்க்குக்குள் ஜெசிந்தாவின் மூச்சு சுட்டது. அதிர்ஷ்டம் என்று அவள் எழுதியிருந்த இடத்தில் எல்லாம் லிங்கண்ணன் உட்கார்ந்திருந்தார்.

கோபம் வந்தது, அதை மறைப்பானேன். மூன்று வருட உழைப்பு, நட்சத்திரம், பதினைந்தாம் தேதி, எல்லாம் இந்த மனுஷனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியிருக்கிறது. கீழுதட்டைக் கவிழ்த்துப் பிடித்து உள்பக்கம் கீறினாள். ரத்தம் வந்தது, நவ்ஃபல் உறிஞ்சினான். என்ன உரிமை இவருக்கு, யார் நல்லவன் யார் கெட்டவன் என்று பார்த்துச் சீட்டு எடுக்க. பெட்டியில் அப்படி என்ன கெடுதல் கண்டார், ஐந்து கட்டத்திலும் வித்தியாசமில்லை என்று புள்ளியியல்காரரே சொல்லிவிட்டார். கேட்டவுடன் பதிலும் வந்துவிட்டது, வராமலே இருந்திருக்கலாம். இரண்டாவது நோயாளி புரோட்டா மாஸ்டர். அவருக்கு வந்தது நேர்மையாக வந்த சீட்டாகத்தான் இருக்க வேண்டும், பெட்டி. பத்து நாள் கழித்து லிங்கண்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "டாக்டரம்மா, அந்தப் புரோட்டா மாஸ்டர் வாசல் கடையில டீ குடிக்காரு, கீழுதட்டு வழியா சட்டையில ஒழுகுது, அவருக்கே தெரிய மாட்டேங்கு. நாஞ்சொன்ன பெறவுதான் தொடைக்காரு. உதட்டுல உணர்ச்சி இருக்கான்னு எழுத ஒரு கட்டம் போட்டுக்கிடலாம்லா?" அவள் அவசரத்தில் இருந்தாள், எந்த அவசரம் என்றுகூட இப்போது ஞாபகமில்லை. "படிவத்துல அது இல்லண்ணே, கமிட்டில ஒத்துக்கிட்ட படிவம், நடுவுல மாத்த முடியாது" என்றாள். அவர் சரி டாக்டரம்மா என்று போய்விட்டார். போனவர் வேறு வழி பார்த்துக்கொண்டார். கட்டம் இல்லாத ஊரில் அவர் தன் மனசிலேயே ஒரு கட்டம் போட்டு, யார் உதடு முக்கியம், யார் உதடு பரவாயில்லை என்று நிரப்பியிருக்கிறார். பெட்டி போட்ட மற்ற எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு ஒழுகுகிறதோ, அவள் கேட்டதில்லை. வலிக்குதா என்று கேட்டாள், கடிக்க முடியுதா என்று கேட்டாள், படிவத்தில் இருந்ததை எல்லாம் கேட்டாள்.

உணர்ச்சியில்லாத உதடு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை. பல் டாக்டருக்குப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வருடத்தில் மரத்துப்போகிற ஊசியைப் போடப் பழகுவதற்கு நோயாளி கிடைக்கமாட்டார், பக்கத்து இருக்கைக்காரிக்கு நீ போடு, உனக்கு அவள் போடட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவளுக்குப் போட்டவள் ரமணி. அரை மணியில் கீழுதடு தன்னுடையதாக இல்லாமல் போனது, யாரோ ஒரு தோலை எடுத்து ஒட்டிவைத்த மாதிரி. கேன்டீனில் டீ வாங்கிக் குடித்தாள், குடித்தாள் என்று நினைத்துக்கொண்டாள், வெள்ளைக் கோட்டில் சூடாக இறங்கிய பிறகுதான் பாதி வெளியே போனது தெரிந்தது. மேஜை முழுக்கச் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்தபோது வாய் கோணியது, அதற்கும் சிரித்தார்கள். ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள், கடித்தது தெரியவே இல்லை. அவளுக்கு அது மூன்று மணி நேரம்தான். பதினேழாம் நம்பர் கைதிக்கு ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். அவன் எங்கே டீ குடிக்கிறான், யார் முன்னால் குடிக்கிறான், ஒழுகினால் யார் சிரிக்கிறார்கள். எலும்புத் தோலை உரிக்கிற கருவி கையில் இருந்தது, எலும்பு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. லிங்கண்ணன் மேல் வந்த கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை, போய்விட்டது, அதன் இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. நேற்று ஊசி முனையால் இவருடைய உதட்டைத் தொட்டுப் பார்த்திருந்தாள். எல்லா இடத்திலும் தெரியுது என்று தலையை ஆட்டினார். விபத்து உதட்டுக்கு உணர்ச்சி தருகிற நரம்பைத் தொடவில்லை. இனிமேல் தொட்டால் தொடுகிறவள் இவள்தான்.

நரம்பு, வேகவைத்த சேமியா தடிமன்கூட இருக்காது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் எலும்பில் ஒரு சின்னத் துளை, அதன் வழியாக வெளியே வந்து மூன்றாகப் பிரிந்து உதட்டுக்குள் போகும். இரண்டு பிளேட் போடும்போது அதற்கு மேலும் கீழுமாக ஒவ்வொன்றாக நுழைத்துவிடலாம். பெட்டி ஒரே துண்டு, அகலம் அதிகம், உள்ளே போக வேண்டுமானால் சதையை இன்னும் விலக்க வேண்டும், சதையோடு நரம்பும் இழுபடும். இதை யாரும் மறைக்கவில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. ரெண்டு பிளேட் எடுத்து வைங்க சிஸ்டர் என்று சொன்னால் முடிந்தது. வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. ஆய்வுதான் போயே போய்விட்டதே, இருபதாவது ஆளுக்கு எதைப் போட்டால் என்ன. ஆனால் அப்படிச் சொன்னால் அவளும் ஆள் பார்த்து எடுத்தவள்தான், லிங்கண்ணனாவது மற்றவர்களுக்காக எடுத்தார், தனக்கு வந்தபோது மிச்சத்தைப் போடச் சொன்னார். தெரிந்து சொன்னார். அந்த வார்த்தையைத் தட்டிவிட்டு, நீங்க எங்க ஆளுண்ணே என்று சலுகை காட்டினால் மயக்கம் தெளிந்து எக்ஸ்ரேயைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும், ரெண்டு கோடா ஒரு பெட்டியா என்று. இருபத்திரண்டு வருடம் எக்ஸ்ரே மாட்டியவர். அவள் பெட்டி பிளேட்டையே கேட்டாள். கேட்டுவிட்டு, வழக்கமாகச் சதையை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டரை உள்ளே கொடுத்து ஒரு இழுப்பு இழுக்கிற இடத்தில் கை நின்றது. இழுக்கவில்லை. சின்னக் கத்தரிக்கோலை வாங்கி, நரம்பைச் சுற்றியிருந்த மெல்லிய உறையை அதன் போக்கிலேயே, நூல் பிரிக்கிற மாதிரி, பிரிக்க ஆரம்பித்தாள். இதுவும் புத்தகத்தில் இருக்கிறதுதான். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. நவ்ஃபல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். கதவைத் தள்ளிக்கொண்டு கிருபாகரன் சார் எட்டிப் பார்த்தார், பார்வை முதலில் கடிகாரத்துக்குத்தான் போனது. "என்னம்மா, இன்னும் நரம்புலயே நிக்கிற? பெட்டிதானே? இந்நேரம் தையலுக்கு வந்திருக்கணும்." "ஆமா சார். இன்னும் நேரம் ஆகும்." "உன் சராசரி ஏறிடும்." "ஏறட்டும் சார்." அவர் கதவை விட்டார், அது இரண்டு தடவை ஆடி நின்றது. கடைசி இழை விலகியதும் நரம்பு தளர்ந்து கிடந்தது. தூக்கிப் பிடித்தால் தூக்கிய பக்கம் வந்தது, இழுபடவே இல்லை. அதன் அடியில் பெட்டி பிளேட் தாராளமாகப் போய் உட்கார்ந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவுதானா. பிளேட்டில் ஒன்றுமில்லையா. நாற்பத்தொரு நிமிஷம் என்று நட்சத்திரம் வாங்கினாளே, அந்த நிமிஷங்களை எங்கிருந்து எடுத்தாள் என்று இப்போது கண்ணுக்கு எதிரே கிடந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, சிஸ்டர் மணி சொல்லச் சொல்ல, ஒரே இழுப்பாக இழுத்து ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறாள், பெட்டி சீக்கிரம் முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது, முடித்துக் காட்டினாள். ஒன்பது பேர். டிரில்லை வாங்கினாள். முதல் துளை விழும்போது கருகல் வாடை வந்தது, நவ்ஃபலிடம் தண்ணீரை இன்னும் ஊற்றச் சொன்னாள். கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை, சிமிட்டி விட்டுக்கொண்டாள். கடைசித் தையல் முடிந்தபோது சிஸ்டர் மணியைப் பார்த்துவிட்டு, எத்தனன்னு எழுத என்று மெதுவாகக் கேட்டார். எண்பத்தெட்டு நிமிஷம், உள்ளதை எழுதுங்க சிஸ்டர் என்றாள்.

மறுநாள் காலை வார்டில் அவர் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் வளையத்தால் சேர்த்திருந்ததால் பேச்சு பல்லுக்குள்ளேயே சுற்றி வந்தது. எக்ஸ்ரே உறை மடியில் இருந்தது, பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. ஜெசிந்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் அவர் கீழுதட்டின் வலது ஓரத்தைத் தொட்டாள். தெரியுது என்றார். நடுவில் தொட்டாள். தெரியுது. இடது பக்கம், நரம்பு போகிற இடத்தில், தொட்டும் தொடாமலும் வைத்தாள். திரியை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். "கூசுது" என்றார். கண்ணைத் திறந்து எக்ஸ்ரே உறையைத் தட்டினார். "பெட்டியத்தான போட்டிருக்கீங்க?" "பெட்டிதாண்ணே." "பெறவு எப்பிடி உணர்ச்சி இருக்கு?" அவள் பஞ்சுத் திரியைக் குப்பைக் கூடையில் போட்டாள். "மெதுவாப் பண்ணினேண்ணே. நரம்ப விடுவிச்சிட்டுப் போட்டேன்." லிங்கண்ணன் அதை உள்ளே வாங்கிக்கொள்வது முகத்தில் தெரிந்தது, அவர் இருபத்திரண்டு வருடம் மேஜைக்குப் பக்கத்தில் நின்றவர், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப அந்தக் கைதிப் பய, அந்தப் பஸ் ஸ்டாண்டு ஆளு, அவங்களுக்கெல்லாம் பிளேட்டால இல்லியா?" "இல்லண்ணே. என்னாலதான்." அவர் மடியில் கிடந்த உறையைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். "சீட்டப் பாத்து எடுத்துக் குடுத்தது நான்லா" என்றார்.